ஆயா கொண்டுவந்த சாமை

ஒன்பதாம் வகுப்பு மாணவியர்

எம் பள்ளியின் மேல்மாடித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். மழை விட்ட நாளில் கருநீலம். பங்குனி வெயிலில் புகை படிந்தாற்போல் ஒரு சாம்பல் நிறம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி என்று புவியியல் பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கள்ளக்குறிச்சியில் படிக்கும் எங்களுக்கு அது ஒரு வரியில் அடங்குவதன்று. கோமுகி ஆறும் மணிமுத்தா ஆறும் அம்மலையில்தான் பிறக்கின்றன. எங்களில் பலருடைய வீட்டுக் கரும்பும் நெல்லும் அந்தத் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. கச்சிராயபாளையம் வழியாகக் கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் போகும் பேருந்து, ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையும் எங்கள் தோழியர் சிலரை மூட்டை முடிச்சுகளுடன் இறக்கிவிட்டுச் செல்கிறது.

எங்கள் வகுப்பில் நாங்கள் 41 பேர். எழுவர் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். ஐவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள்; மூவர் வீட்டில் உருது. ஒருத்தியின் அப்பா ராஜஸ்தானத்திலிருந்து வந்து அடகுக் கடை வைத்திருக்கிறார். அவள் எங்களைவிட வேகமாகத் தமிழில் சண்டை போடுவாள். இக்கட்டுரையை நாங்கள் எல்லோரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஆகவே 'நாங்கள்' என்று வரும் இடங்களில் மலைத் தோழியரும் உண்டு, ஊர்த் தோழியரும் உண்டு. படிப்பவர்களுக்குச் சில இடங்களில் குழப்பமாக இருக்கலாம். எங்களுக்கும் எழுதும்போது அப்படித்தான் இருந்தது.

ஆண்டுதோறும் பண்பாட்டு நாள் கொண்டாடுவது எம் பள்ளி வழக்கம். பஞ்சாபியரின் பாங்ரா, குஜராத்தியரின் கோலாட்டம், கேரளத்துக் கைகொட்டுக்களி, காஷ்மீரப் படகுக்காரர் என்று மேடை நிறைந்துவிடும். உடைகள் எல்லாம் வாடகைக் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். கடைக்காரர் கொடுக்கும் பட்டியலின் அடியில் 'ஆதிவாசி, 8 செட்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பச்சைத் துணியில் இலைபோல வெட்டித் தைத்த பாவாடை, முகத்துக்குக் கறுப்புச் சாயம், அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டிய ஈட்டி. மூத்த வகுப்பு அக்காமார் அதை ஆடும்போதுதான் கைதட்டல் கூரையைப் பிளக்கும். விடுதித் தோழியருக்கு அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்த் தாகம் எடுக்கும். ஒருவர் பின் ஒருவராக எழுந்து குழாயடிக்குப் போய்விடுவார்கள்.

இவ்வாண்டு அந்தப் பட்டியல் வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு கடிதம்.

எம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படிக்கும் அக்கா ஒருவர் எங்கள் தமிழாசிரியையான அருட்சகோதரிக்கு எழுதியிருந்தார். அவர் மலைக்காரர். கல்லூரியில் 'எத்னிக் டே' என்று ஒரு நாள் வைக்கிறார்களாம். பையன்கள் பட்டு வேட்டி, பெண்கள் பட்டுச் சேலை, நாளெல்லாம் புகைப்படம். மிசோரமிலிருந்து வந்து படிக்கும் இரு மாணவியர் மட்டும் தங்கள் நாட்டுப் 'புவான்' என்னும் கைத்தறித் துணியை இடுப்பில் சுற்றி வந்தார்களாம். அந்தக் கோட்டுக்கு என்ன பெயர், இந்தப் பூவை யார் நெய்வார்கள், எதை எந்த விழாவுக்கு உடுத்துவார்கள் என்று கேட்டவர்க்கெல்லாம் சொன்னார்களாம். பிறகு அக்காவைப் பார்த்து, "உங்கள் ஊரில் என்ன?" என்று கேட்டார்களாம். "எனக்கு வாயில் வந்தது ஒன்றுமில்லை, சிஸ்டர். நான் உடுத்தியிருந்தது அம்மாவின் நூல் சேலை. மலையில் எல்லோரும் உடுத்துவது அதைத்தான். ஆனால் அதைச் சொன்னால் நம்புவார்களா என்று பயந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார்.

கடிதத்தின் மறுபக்கத்தில் இருந்த செய்தி எங்களைச் சிரிக்க வைத்தது. சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருப்பதைப் பார்த்த விடுதித் தோழி, ஓணத்துக்கு அவியல் செய்து தரச் சொல்லி ஒரு மாதம் நச்சரித்தாளாம்! கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன், சவ்வாது மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவே. அவர்கள் பேசுவது தமிழ்.

சகோதரி அக்கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் ஏதோ வரப்போகிறது என்று பொருள். "இந்த வருஷம் வாடகைத் துணி வேண்டாம்" என்றார். "ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரணும். கடையில் வாங்கக் கூடாது. உங்கள் வீட்டில் அதற்கு என்ன பெயர், அதை வைத்து என்ன செய்வார்கள், அதை மட்டும் சொன்னால் போதும்." நாளும் குறித்துவிட்டார்: 2025 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள்.

அந்த நாளின் கதையையும் அவரே சொன்னார். 1952-ஆம் ஆண்டு அதே நாளில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா நகரில், வங்காள மொழிக்கும் நாட்டில் உரிய இடம் வேண்டும் என்று கேட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். காவலர் சுட்டதில் மாணவர்கள் இறந்தார்கள். 1999-இல் யுனெஸ்கோ அந்த நாளை உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. கல்லூரி வளாகத்தில் நாம் இன்று பாட்டும் கூத்துமாகக் கொண்டாடும் ஒன்றுக்காக வேறொரு வளாகத்துப் பிள்ளைகள் உயிர் விட்டிருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் முதல் பொருள்கள் வரத் தொடங்கின. இரண்டு வாரத்துக்கு எங்கள் வகுப்பறை பழைய சாமான் கடைபோல் ஆகிவிட்டது.

மரச்சிற்பம் செதுக்கும் குடும்பத்துத் தோழி அப்பாவின் உளிகளை ஒரு கோணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். கூடவே பாதி செதுக்கிய யாளி முகம் ஒன்று. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பொது அறிவுப் புத்தகத்தில் நாங்கள் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அந்த உளிகளின் கைப்பிடி எவ்வளவு வழவழப்பாய் இருக்கும் என்று புத்தகத்தில் இல்லை. கண்ணை ஏன் செதுக்கவில்லை என்று கேட்டோம். "கண்ணு கடைசியிலதான் திறக்கணும். அப்பா நல்ல நாள் பார்ப்பாரு" என்றாள்.

உருது பேசும் தோழி கொண்டுவந்தது பித்தளைப் பான்தான். அவளுடைய தாதி, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி, வெற்றிலை போட்ட காலத்தில் ஒவ்வோர் அறையிலும் சுண்ணாம்பும் பாக்கும் ஏலமும் இருந்தனவாம். இப்போது ஊக்குகளும் ரேஷன் கடை ரசீதுகளும் இருக்கின்றன. தெலுங்குத் தோழி மத்துக் கொண்டுவந்து 'கவ்வம்' என்றாள். ராஜஸ்தானத் தோழி கொண்டுவந்த சப்பாத்திக் கட்டைக்கு 'பேலன்' என்று பெயர். அதன் இன்னொரு பயனையும் அவள் சொன்னாள், அதை இங்கே எழுத வேண்டாம் என்று சகோதரி சொல்லிவிட்டார். கரும்பு வெட்டும் குடும்பத்திலிருந்து வந்த தோழி கத்தியையே கொண்டுவந்துவிட்டாள். அது உடனே தலைமையாசிரியையின் இரும்பு அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. விழாவன்று அதைச் சகோதரியே கையில் பிடித்துக் காட்டினார்.

ஒருத்தி அவளுடைய பூட்டியின் முக்காட்டுத் துணியைக் கொண்டுவந்தாள். பூசைக்குப் போகும்போது மட்டும் போடும் வெள்ளை வலைத்துணி. அந்தக் காலத்தில் பூசை இலத்தீனில் நடக்குமாம். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழியில் வழிபாடு நடத்த வழி திறந்த பிறகே கோவிலுக்குள் தமிழ் முழுமையாக நுழைந்தது. எம் மடத்தில் வயதான சகோதரி ஒருவர் சிறுமியாயிருந்தபோது இலத்தீன் விடைகளைப் பொருள் தெரியாமலே கடகடவென்று சொல்வாராம். "முதல்நாள் தமிழில் கேட்டப்போ எங்க அப்பா கண்ணு கலங்கிட்டார். இத்தனை நாளும் இதையா சொல்லிக்கிட்டிருந்தோம்னு கேட்டார்" என்றார் அவர்.

இப்படி 34 பேருடைய பொருள்கள் வந்து சேர்ந்தன. வராதவை மலைத் தோழியர் எழுவருடையவை.

"எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்பதே எழுவரின் பதிலும். அதற்குள் இருந்த காரணத்தை இவ்விதழில் எழுதலாமா என்று நாங்கள் நிறைய யோசித்தோம். எழுதத்தான் வேண்டும் என்று எழுவரும் சொன்னதால் எழுதுகிறோம்.

2024 ஜூன் மாதம் எங்கள் ஊரில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். பல நாள் எங்கள் தெருக்களில் பறைச் சத்தம் ஓயவில்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியப்பாவும் இறந்துபோனார். கொத்தனார் வேலை செய்தவர். அவள் பண்பாட்டு நாளுக்குக் கொண்டுவந்தது அவருடைய தூக்குக் குண்டு. சுவர் நேராக எழும்புகிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்த இரும்புக் குண்டு. "பெரியப்பா கட்டின எந்தச் சுவரும் சாயல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு பத்திரிகைகளில் கல்வராயன் மலையின் பெயர் வந்த இடமெல்லாம் சாராய ஊறலும் சோதனையும்தாம். மெத்தனால் தொழிற்சாலைகளில் புழங்கும் இரசாயனம். மலைக்காட்டில் விளைவதன்று. ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் பிரித்துப் பார்த்தார்கள்? பேருந்தில் எங்கள் தோழியரின் பையைத் தட்டி, "உள்ளே கேனா?" என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஊர் எதுவென்று யாராவது கேட்டால் எழுவரும் "கச்சிராயபாளையம்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். மலையடிவாரத்து ஊர், பாதிப் பொய், பாதி உண்மை. ஒருத்தி காலாண்டு விடுமுறைக்குப் போனவள் திரும்பவில்லை. இரு சகோதரிகள் பேருந்து ஏறிப் போய், அவள் வீட்டுத் திண்ணையில் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து பேசித்தான் அழைத்துவந்தார்கள். பெரியப்பாவை இழந்த தோழிக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சு நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. சண்டையில்லை. ஆனால் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு வேறு வரிசைக்குப் போய்விட்டார்கள்.

சகோதரி எழுவரையும் வற்புறுத்தவில்லை. விடுதிக் காப்பாளரிடம் மட்டும் ஏதோ பேசினார் போலும். விழாவுக்கு முதல் நாள் மாலைப் பேருந்தில் ஆயா வந்து இறங்கினார். காலாண்டு விடுமுறையில் நின்றுபோன அந்தத் தோழியின் ஆயாதான். தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு உலக்கை. அந்த உலக்கையைப் பேருந்தில் ஏற்ற நடத்துநரிடம் அவர் நடத்திய வாதத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

மூட்டையில் இருந்தது சாமை. ஆடியில் விதைத்துக் கார்த்திகைக்குள் அறுத்தது. "ஒண்ணுமில்லைன்னு சொன்னியாமே" என்று பேத்தியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அவள் எங்களையெல்லாம் பார்க்காமல் மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் குத்துவிளக்கு ஏற்றி, இறைவணக்கம் முடிந்து, ஆயாவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் வரவில்லை. "மேலே நின்னு என்ன குத்துறது? உரலு எங்க இருக்கு?" என்றார். மடத்துச் சமையலறைக்குப் பின்னே, வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்டு உட்காரப் பயன்படுத்தும் பழைய கல்லுரல் ஒன்று உண்டு. தோட்டக்கார அண்ணன் இருவர் அதை நிமிர்த்திக் கழுவிக் கொடுத்தார்கள். விழாக் கூட்டம் முழுதும், சிறப்பு விருந்தினர் உட்பட, நாற்காலிகளை விட்டு வேப்பமரத்தடிக்கு நகர்ந்தது.

சாமையை நாங்கள் அரிசியாகத்தான் பார்த்திருக்கிறோம், பொட்டலத்தில். உமியோடு இருக்கும்போது அது பளபளவென்று, கையில் நிற்காமல் வழுக்கும். கடுகைவிடச் சற்றே பெரியது. அந்தச் சிறு மணியின் மேலிருந்து உமியை மட்டும் கழற்ற வேண்டும், உள்ளே இருப்பது நொறுங்கக் கூடாது. ஓங்கிக் குத்தினால் மாவாகும். மெல்லக் குத்தினால் நாள் முழுதும் குத்தலாம், ஒன்றும் ஆகாது. ஆயா உலக்கையைத் தூக்கி விட்ட உயரம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருந்தது. எங்கள் கணித ஆசிரியை அதைத்தான் கவனித்தார்கள். இருபது குத்துக்கு ஒரு முறை காலால் ஓரத்துத் தானியத்தை உள்ளே தள்ளினார். பிறகு முறத்தில் எடுத்துப் புடைத்தார். உமி காற்றில் பறந்து சிறப்பு விருந்தினர் சட்டையில் ஒட்டியது. மீண்டும் உரல், மீண்டும் முறம். மூன்று முறை.

நாங்களும் முயன்றோம். கூடைப்பந்துக் குழுத் தலைவி பத்தாவது குத்திலேயே உலக்கையை உரல் விளிம்பில் போட்டாள். ஆயா சிரிக்கவில்லை. "ஒத்த ஆளு குத்துனா கை விட்டுப்போயிடும். ரெண்டு பேரு மாத்தி மாத்திப் போடணும்" என்றார். பள்ளியில் பழைய உலக்கை ஒன்றும் தேடி எடுத்துவந்தோம். பேத்தியை ஒரு பக்கம் நிறுத்தினார். மறுபக்கத்துக்குக் கைக்கு எட்டிய தூரத்தில் நின்றவளைப் பிடித்து இழுத்தார். அவள் தூக்குக் குண்டுத் தோழி. ஆயாவுக்கு எதுவும் தெரியாது. அவள் உயரமாக இருந்தாள், அவ்வளவுதான் காரணம்.

முதலில் இரண்டு உலக்கைகளும் உரலுக்குள் மோதிக்கொண்டன. "எண்ணிக்கிட்டுப் போடுங்க" என்றார் ஆயா. எண்ணினால் பேசத்தான் வேண்டும். ஒன்று என்று ஒருத்தி, இரண்டு என்று ஒருத்தி. நூற்று முப்பது வரை எண்ணினார்கள். நான்கு படி சாமையில் இரண்டு படிக்கு மேல் அரிசி தேறியது.

குத்தி முடித்தபின் ஆயா உரல் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். யார் கேட்டாலும் பதில் சொன்னார். நாங்கள் கேட்டதில் பாதி அசட்டுக் கேள்விகள். பழங்குடி உடை எங்கே என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். ஆயா தம் சேலை முந்தானையை எடுத்துக் காட்டி, "கள்ளக்குறிச்சி கடைத்தெருவுலதான் எடுத்தேன், இருநூத்தம்பது ரூபா" என்றார். இலைப் பாவாடை பற்றி யாரோ எடுத்துச் சொன்னபோது அவருக்கு அது புரியவேயில்லை. "மாடு தின்னுடாதா?" என்றார்.

அவர் சொன்ன நிலப் பெயர்களைத் தமிழாசிரியை உடனே கரும்பலகையில் எழுதச் சொன்னார். ஏர் ஓடும் சமனான நிலம் உழவுக்காடு. சரிவில், மாடு நிற்க முடியாத இடத்தில், கொத்தால் கொத்தியே விதைப்பது கொத்துக்காடு. கேழ்வரகும் சாமையும் தினையும் எங்கெங்கே என்று அவர் விரலால் மண்ணில் கோடு போட்டே காட்டினார். வேலூர்க்காரரான எங்கள் அறிவியல் ஆசிரியை குனிந்து பார்த்துப் படம் வரைந்துகொண்டார்கள்.

மலைக்கு எப்போது வந்தீர்கள் என்ற கேள்விக்கு, காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பியர் கதையைச் சொன்னார். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்களாம். கொண்டுவந்த சாமி கரியராமன். இதே கதையை 1909-இல் எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி வெளியிட்ட ஏழு தொகுதிகளிலும் எழுதியிருக்கிறார் என்று வரலாற்று ஆசிரியை சொன்னார். தர்ஸ்டன் போன இடமெல்லாம் மக்களின் தலையையும் மூக்கையும் அளவெடுத்துக் குறித்தவர். "எங்க தலையை எதுக்கு அளந்தாரு?" என்று ஆயா கேட்டார். ஆசிரியைக்குப் பதில் சொல்வது கடினமாக இருந்தது.

ஜாகீர் காலத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் குரல் தாழ்ந்தது. மூன்று ஜாகீர்களின் கீழ் கிடந்த மலை அது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று ஒரு வழக்கு உண்டு. நாடு விடுதலை பெற்று, குடியரசாகி, நம் அரசியல் சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, 1976-இல்தான் ஜாகீர் முறை முடிந்து மலை நேரடியாக அரசின் கீழ் வந்தது. அப்போது ஆயாவுக்கு எங்களைவிட ஓரிரு வயதுதான் கூடுதல். ஜாகீர் வீட்டு நிலத்தில் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்ய முறை வைத்துப் போக வேண்டுமாம். சம்பளம் என்ன என்று கேட்டோம். "கூழு ஊத்துவாங்க" என்றார். பள்ளிக்கூடம்? கையை விரித்தார். எங்கள் குடிமையியல் பாடத்தில் 1950-க்குப் பிறகு எல்லாம் ஒரே சீராக நடந்ததுபோல் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நாங்கள் நாள்தோறும் பார்க்கும் மலையில், வேறு கணக்கு ஓடியிருக்கிறது. சென்ற 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அம்மலை மக்களின் வாழ்க்கை வசதிகள் குறித்து வழக்கு எடுத்து, சாலையும் மருத்துவமும் பள்ளியும் எப்படி இருக்கின்றன என்று அரசைக் கேட்டது. அதையும் அன்று வரலாற்று ஆசிரியை கூட்டத்துக்குச் சொன்னார். பத்திரிகையில் சாராயச் செய்தி வந்த அளவுக்கு அச்செய்தி எங்கள் கண்ணில் படவில்லை.

பெற்றோரில் ஒருவர், சாமை நகரத்தில் நல்ல விலை போகிறதே, நீங்கள் வசதியாகிவிட்டிருப்பீர்களே என்றார். 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கடைகளில் சாமைக்கு மவுசு என்பது உண்மைதான். ஆயா சிறிது நேரம் அவரையே பார்த்தார். "உமியோட மூட்டை கட்டி வியாபாரி எடுத்துக்கிட்டுப் போயிடறான். நாங்க ரேஷன் அரிசி திங்கிறோம். சாமையைப் பட்டணத்துக்காரங்க திங்கிறாங்க. சக்கரை வியாதிக்கு நல்லதாமே?" என்றார். அந்தப் பெற்றோர் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர். எல்லோரும் சிரித்தோம், அவர் உட்பட.

மற்ற அறுவரும் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. ஒருத்தி பெட்டியிலிருந்து கடுக்காய்ப் பொட்டலத்தை எடுத்துவந்தாள். தொண்டை கட்டினால் அம்மா கொடுத்தனுப்புவது. இத்தனை நாளும் விடுதியில் ஒளித்து வைத்திருந்தாள். ஒருத்தி தாத்தாவின் தேன் எடுக்கும் முறையைச் சொன்னாள். பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று மலையே இரண்டு என்பதையும், தான் எந்தப் பக்கத்தவள் என்பதையும் இன்னொருத்தி வரைபடத்தில் காட்டினாள். வருகைப் பதிவேட்டில் முகவரி மாற்றம் வேண்டும் என்று மூன்று பேர் அடுத்த வாரம் எழுதிக் கொடுத்ததாக வகுப்பாசிரியை சொன்னார்கள். கச்சிராயபாளையம் என்றிருந்ததை அடித்துவிட்டு அவரவர் மலையூர்ப் பெயர்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எங்களுக்கு மனமில்லை. பேருந்தில் அந்தக் கேள்வி இன்னும் வருகிறது. பெரியப்பாவை இழந்த தோழியின் வீட்டில் அவருடைய படத்துக்கு மாலை இன்னும் இருக்கிறது. ஆனால் அவள் பலகையில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள், பழைய இடத்துக்கு.

திருக்கோவிலூரில் பெண்ணையாற்றுக்கு நடுவே கபிலர் குன்று என்று ஒரு பாறை இருப்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். பறம்பு மலைப் பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்து வந்து சேர்த்தது இந்த மலையமான் நாட்டில்தான். மலையிலிருந்து இறங்கி வந்த பெண்பிள்ளைகளுக்கு இந்த மண் அன்றே இடம் கொடுத்தது என்று நன்றியுரையில் தலைமையாசிரியை சொன்னார்கள். எங்கள் மலைத் தோழி ஒருத்தி மெல்ல, "இடம் கொடுத்தது யாரு? தண்ணி எங்க மலையிலிருந்துதானே வருது" என்றாள். பக்கத்தில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்டது.

அன்று மதியம் இரண்டு படிச் சாமையில் சோறாக்கி, மொச்சைக் குழம்பு வைத்தார்கள். 400 பேருக்கு அது எந்த மூலைக்கு? ஆளுக்கு ஒரு கரண்டி. சமையலறை அக்கா தண்ணீர் அளவு தெரியாமல் குழைத்துவிட்டதாக ஆயா குறைப்பட்டுக்கொண்டார். உமியும் தவிடும் மடத்துக் கோழிகளுக்குப் போயின.

மாலைப் பேருந்துக்கு ஆயா கிளம்பியபோது நடத்துநர் அதே ஆள். உலக்கையை ஏற்ற முடியவே முடியாது என்றுவிட்டார். அதனால் அது இப்போது எங்கள் வகுப்பறை மூலையில், வரைபடச் சுருள்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகும்படி சகோதரி எழுவரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டார். யாரும் சம்மதிக்கவில்லை. ஆயாவே வந்து வாங்கிக்கொள்ளட்டுமாம்.